அம்மா நடுராத்திரியில் மிக்சி போடுகிறார், மத்தியானம் தட்டின் முன்னாலேயே தூங்குகிறார். ஜெட்லாக் எத்தனை நாள்?

காலடிப்பேட்டை மாடிவீடு:

அக்கா பிரசவத்துக்காக நியூஜெர்சி போன அம்மா (63 வயது, சுகர் உண்டு) ஐந்து மாதம் கழித்துப் போன வியாழக்கிழமை விடியற்காலை 3 மணிக்கு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினார். இன்று ஐந்தாம் நாள், இன்னும் ஊர் நேரத்துக்கு வரவில்லை. ராத்திரி 8 மணிக்கே சாய்ந்துவிடுகிறார், 1 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அதோடு சரி. சும்மா படுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, பாத்திரம் கழுவி, வீடு துடைத்து, நேற்று இரண்டரை மணிக்கு மிக்சியில் சட்னி அரைத்துவிட்டார். கீழே இருக்கும் ஹவுஸ் ஓனர் காலையில் என்னைப் பிடித்து, "என்னப்பா, கேட்டரிங் எடுத்துட்டீங்களா?" என்கிறார். எங்களுடையது ஒரு ஹால், ஒரு ரூம். நான் 7 மணிக்கு மெட்ரோ பிடித்தாக வேண்டும்.

பகலில் நேர் எதிர். 11 மணிக்கு மேல் கண் சொருகிவிடுகிறது. நேற்று மத்தியானம் சோற்றைப் பிசைந்த கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார், நான் போய்ப் பார்க்கும்போது விரலில் ரசம் காய்ந்து ஒட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை, தான் போடும் தூக்க மாத்திரையில் பாதி தரட்டுமா என்கிறார். இன்னொருவர் விடியற்காலை வெயில் காட்டினால் சரியாகிவிடும் என்றார். மூன்று நாளாக 6 மணிக்கு விரைவுச் சாலையோரம் கல் கொட்டியிருக்கும் கரைவரை நடத்திக் கூட்டிப்போகிறேன், நான் ஆபீசுக்கு லேட்டாவதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சித்தி பெண்ணுக்கு வளைகாப்பு, அம்மாதான் முன்னால் நின்று நடத்த வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

வியாசர்பாடி டல்லாஸ்:

நான் வருஷத்துக்கு இரண்டு தடவை போய் வருகிறேன். பகலில் தூங்கவே விடாதீர்கள், அவ்வளவுதான். முகத்தில் தண்ணீர் அடித்து உட்கார வையுங்கள். இரண்டு நாள் கஷ்டம், மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

மணலி ஷிஃப்ட்:

மேலே சொன்ன தம்பிக்கு முப்பது வயது இருக்குமா? 63 வயதுக்காரரிடம் அதைச் செய்ய முடியாது. மத்தியானம் ஒரு அரை மணி நேரம் அலாரம் வைத்துத் தூங்கட்டும், குடி முழுகிவிடாது. மூன்று மணி நேரம் தூங்குவதுதான் தப்பு.

பதினெட்டு வருஷமாக நைட் ஷிஃப்ட் மாறி மாறிப் பார்ப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் காரியத்தைக் கெடுப்பது அந்த 6 மணி நடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காலை வெயில் நல்லதுதான், ஆனால் யாருடைய காலை? மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரம் திருத்திக்கொள்ளும். வழக்கமாக எழுந்திருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடம்புச் சூடு ரொம்பக் குறைந்திருக்கும். அந்தப் புள்ளியைத் தாண்டிப் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், அதற்கு முன்பு பட்டால் பின்னால் தள்ளிவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். அம்மா அங்கே 6 மணிக்கு எழுந்திருந்தால் அந்தப் புள்ளி அங்கே மூன்றரை மணி. அங்கே இப்போது கோடை நேரம், நமக்கும் அவர்களுக்கும் 9½ மணி நேர வித்தியாசம், ஆகவே இங்கே மத்தியானம் 1 மணி. சோற்றில் கை வைத்துக்கொண்டு தூங்கினார் என்றீர்களே, அவர் உடம்புக்கு அது நடுச்சாமம். கிழக்கே வந்தால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் அது நகரும். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், இன்றைக்கு அது காலை 9 மணி வாக்கில் இருக்கலாம். அப்படியென்றால் 6 மணிக்கு வெயிலில் நிறுத்துவது வண்டியை ரிவர்ஸில் போடுவது மாதிரி.

நாளைக்கு 9 மணிவரை திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் மொட்டைமாடி நிழலில் உட்காரவைத்து முருங்கைக்கீரை ஆயச் சொல்லுங்கள். வெயிலில் வாட்ட வேண்டாம், வெளி நிழல் வெளிச்சமே வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு. அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள். வெள்ளி, சனி வாக்கில் நீங்கள் சொன்ன அதே கடற்கரை நடை சரியாக இருக்கும். ராத்திரி 1 மணிக்கு எழுந்தால் டியூப்லைட் கூடாது, ஜீரோ வாட் பல்பு போதும். செல்போனும் கூடாது.

நைட் டியூட்டி அக்கா:

பக்கத்து வீட்டு மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். வயதானவர்கள் அதைப் போட்டுவிட்டு ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து வார்டுக்கு வருவதை நான் பார்க்கிறேன். மெலடோனின் (தூக்க நேரத்துக்கு உடம்பே சுரக்கும் ஹார்மோன், மாத்திரையாகவும் வரும்) வேறு வகை, குறைந்த அளவில் படுக்கும் நேரத்துக்குக் கொடுப்பார்கள், அதையும் அம்மாவின் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

எனக்குக் கவலை தூக்கம் இல்லை தம்பி, சுகர். ராத்திரி மூன்று மணிக்கு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டாரா? அதை மறந்து காலை 8 மணிக்கு இன்னொன்று போட்டாரா? சில சுகர் மாத்திரைகள் சாப்பாடு இல்லாமல் உள்ளே போனால் சுகரை இறக்கிவிடும். மத்தியானம் சாப்பிடாமலே தூங்குகிறார் என்கிறீர்கள், அது எல்லாமே ஜெட்லாக் என்று விட்டுவிடாதீர்கள். வியர்த்துக் கொட்டினாலோ, கை நடுங்கினாலோ, எழுப்பினால் பேச்சு குழறினாலோ உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று நாளைக்கே டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ராயபுரம் பழைய கப்பல்:

31 வருஷம் கப்பலில் ஓடினேன். கப்பலில் இந்த வியாதியே கிடையாது. கிழக்கே போகிறோம் என்றால் ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்போம், அந்த ஒரு மணியையும் மூன்று வாட்சுக்கும் (கப்பலில் டியூட்டி முறையை அப்படித்தான் சொல்வோம்) 20 நிமிஷம் 20 நிமிஷமாகப் பங்கு போட்டு நஷ்டத்தைச் சமமாக்கிவிடுவோம். அதற்கே முணுமுணுப்பார்கள். மேற்கே போனால் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம், எல்லோருக்கும் சிரிப்பு. சிங்கப்பூரிலிருந்து லாங் பீச் போகும்போது நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் ஒரே செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை வரும், அதற்கும் பழகிவிட்டோம். உடம்பு மெதுவாகத்தான் திரும்பும் என்று கப்பலுக்குத் தெரியும்.

மாட்டியது ஒரு தடவைதான். விமானத்தில் ஹூஸ்டன் போய்க் கப்பல் ஏறி, அன்றைக்கு ராத்திரியே 12–4 வாட்ச். நின்றுகொண்டே தூங்கினேன், சீஃப் ஆபீசர் காதில் வந்து கத்தினார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ராத்திரி பசித்தால் சாப்பாடு போடாதீர்கள், வயிற்றுக்கும் தனியாக ஒரு நேரம் உண்டு, மூன்று மணிக்குச் சட்னியோடு இட்லி கண்டால் அதுதான் காலை டிபன் என்று நினைத்துக்கொள்ளும். தண்ணீர் மோர், இரண்டு பிஸ்கட், போதும். சுகர்க்காரர் என்பதால் நர்ஸம்மா சொல்வதுதான் முதலில். சாயங்காலம் 4 மணிக்குத் தேரடிப் பக்கம் கூட்டிப்போய் நாலு பேரோடு பேசவிடுங்கள், பேச ஆள் இருந்தால் எட்டு மணிக்குச் சாயமாட்டார்.

காலடிப்பேட்டை மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. நைட் டியூட்டி அக்கா, நீங்கள் சொன்னதும் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது. சனிக்கிழமை இரண்டு முறை போட்டிருக்கிறார். டாக்டரிடம் பேசிவிட்டேன், இனி மாத்திரை என் கையில்.

மணலி அண்ணே, செல்போன் என்று ஒரு வார்த்தை எழுதினீர்களே, அதனால் நேற்று ராத்திரி தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு பார்த்தேன். 1 மணிக்கு எழுந்தார். ஜீரோ வாட்டில் மெதுவாக நடந்து சமையலறைக்குப் போய், கதவைச் சாத்தி, டியூப்லைட்டைப் போட்டு, அக்காவுக்கு வீடியோ கால். அங்கே மத்தியானம் மூன்றரை, குழந்தை தூங்கி எழுந்திருக்கும் நேரம். ஒரு மணி நேரம் பேத்தியிடம் "ஆயா எங்கே, ஆயா எங்கே" என்று கொஞ்சல். அப்புறம்தான் பாத்திரம், மிக்சி எல்லாம்.

திட்ட மனசு வரவில்லை. அக்காவிடம் சொல்லி இனிமேல் நம் நேரம் ராத்திரி 7 மணிக்குப் போடச் சொல்லியிருக்கிறேன், அங்கே காலை ஒன்பதரை, குழந்தை குளித்துவிட்டு இருக்கும். அந்தச் சாக்கில் எட்டு மணிக்கு மேலும் முழித்திருப்பார்.

நைட் டியூட்டி அக்கா:

பேத்தியை ஐந்து மாதம் கையில் வைத்திருந்தவர், தூக்கம் எப்படி வரும். வளைகாப்பு எத்தனை மணிக்கு?

காலடிப்பேட்டை மாடிவீடு:

காலை பத்தரை. சித்தியிடம் சொல்லி ஒன்பதுக்கு மாற்றப் பார்க்கிறேன், ஐயர் ஒத்துக்கொள்ள வேண்டும்.