அட்டாச்மென்ட்: 'ஒட்டுதல்' என்றே வைப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

குழந்தை உளவியலுக்கு நாம் சேர்த்துவரும் கலைச்சொல் பட்டியலில் 'அட்டாச்மென்ட்' என்ற சொல்லுக்கு, அதாவது தன்னை வளர்க்கும் குறிப்பிட்ட ஆளைப் பிள்ளை நாடி நிற்பதற்கு, இதுவரை வந்திருப்பவை சார்பு, பாசம், பிணைப்பு, பற்று. நான்கையும் வைத்து ஒவ்வொரு பத்தி எழுதிப் பார்த்தேன். நான்கும் எங்காவது இடிக்கின்றன. என் பரிந்துரை: ஒட்டுதல்.

சார்பை முதலில் எடுத்துவிடலாம். இந்தக் கருத்தை வகுத்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி அட்டாச்மென்ட் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணமே, அதுவரை புழங்கிய 'டிபெண்டன்சி' பொருந்தவில்லை என்பதுதான். பாலுக்கும் குளிப்பாட்டுவதற்கும் ஒருவரை நம்பியிருப்பது சார்பு. அது பிறந்த அன்றே முழுதாக இருக்கிறது, வளர வளரக் குறைகிறது. அட்டாச்மென்ட் அப்படி இல்லை. பிறந்த குழந்தையிடம் அது கிடையாது. ஆறேழு மாதத்துக்கு மேல்தான் 'இன்னார்தான் வேண்டும்' என்று தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ சோதனைக்காகத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்த குரங்குக் குட்டிகள், பால் கொடுத்த கம்பிப் பொம்மையிடம் குடிக்க மட்டும் போய்விட்டு, மீதி நேரமெல்லாம் பால் இல்லாத துணிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடந்தன. சார்பு கம்பிப் பொம்மையிடம். நாம் பேர் தேடுவது துணிப் பொம்மையிடம் இருந்ததற்கு.

பாசம் என்றால் பெரியவர்கள் பிள்ளை மேல் வைப்பது என்றுதான் காதில் விழுகிறது. பிணைப்பு இரண்டு பக்கமும் போகிறது, வேதியியல்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதை 'பாண்டிங்' என்பதற்கு விட்டுவைக்கலாம். பற்று நல்ல சொல்தான். ஆனால் துறவு அதிகாரத்தின் கடைசிக் குறள் 'பற்று விடற்கு' என்று முடிகிறது. விட வேண்டியது என்ற நிழல் அந்தச் சொல்லை விட்டுப் போகாது. "உங்கள் பிள்ளைக்கு உங்கள் மேல் நல்ல பற்று உண்டாகட்டும்" என்று ஒரு தாய்க்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒட்டுதலை வீட்டில் எப்படிச் சொல்கிறோம் பாருங்கள். "அப்பா வெளிநாட்டிலேயே இருந்துவிட்டார், பிள்ளைக்கு அவரிடம் ஒட்டுதலே இல்லை." "பெற்றவளைவிட ஆயாவிடம்தான் ஒட்டுதல்." பிள்ளையிடமிருந்து பெரியவரை நோக்கிப் போவது, குறிப்பிட்ட ஓர் ஆளிடம் மட்டும் இருப்பது, கூட இருந்து பழகித்தான் வருவது, பெற்றவளாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது. பவுல்பி 1969இல் தொடங்கி மூன்று தொகுதிகளில் எழுதியதன் மையமே இதுதான், அத்தனையும் இந்த ஒரு சொல்லில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

ஒட்டுதல் என்றால் பசை போல ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் 'ஒட்டிக்கொண்டே இருக்கிறான்' என்பதும் 'ஒட்டுதலாக இருக்கிறான்' என்பதும் தமிழில் வேறு வேறு. போன மாதம் எங்கள் தெரு அங்கன்வாடியில் பார்த்தேன். ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை, பாட்டி ரேஷன் கடைக்குப் போனதிலிருந்து வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. பாட்டி வந்ததும் இடுப்பில் ஏறி, தோளில் முகத்தைப் புதைத்து, முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி வாயில் வைத்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வழுக்கி இறங்கி, கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் டம்ளர்களை நோக்கித் தவழ்ந்து போய்விட்டது. நடுவில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். நல்ல ஒட்டுதல் உள்ள பிள்ளைதான் இறங்கிப் போகும்.

உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் 1954இல் உகாண்டா போய், கண்டா மக்களின் வீடுகளில் கவனித்ததும், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் சோதனையாக அமைத்ததும் இதைத்தான். அறிமுகமில்லாத அறை, தாய் வெளியே போகிறாள், திரும்பி வருகிறாள். சுமார் இருபது நிமிஷம். பிரியும்போது அழுததா என்பதைவிட, திரும்பியதும் என்ன செய்தது என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். 'ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்' என்ற இதற்கு 'வேற்றிடச் சோதனை' எனலாம். அதில் தெரிந்த வகைகளுக்கு நான் எழுதி வைத்திருப்பவை: நம்பிக்கை ஒட்டுதல் (தாய் வந்ததும் தேறிவிடுவது), விலகல் ஒட்டுதல் (வந்தவளைக் கண்டுகொள்ளாதது), முரண்டு ஒட்டுதல். பின்னால் எயின்ஸ்வர்த்தின் மாணவி மேரி மெய்ன் சேர்த்த நான்காவதற்கு, அதாவது ஒரு ஒழுங்குக்கும் வராமல் குழம்பி நிற்பதற்கு, குலைந்த ஒட்டுதல். முதலாவதைப் 'பாதுகாப்பான' என்று எழுதினால் பிள்ளைக்கு யாரோ காவல் நிற்பது போலிருக்கிறது. அது பிள்ளையின் மனசில் இருக்கும் நம்பிக்கை. முரண்டைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் வில்லாக வளைந்து உதைக்கும். எந்த அம்மாவும் அதற்கு வேறு சொல் சொல்லமாட்டாள்.

அப்புறம், புதிய ஆளைக் கண்டு வரும் அச்சத்துக்கு 'அந்நியர் பதற்றம்' என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். குழந்தைகளை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் அந்த அச்சத்தை எட்டாம் மாதத்தோடு சேர்த்துச் சொன்னார். நம் வீட்டுப் பெண்கள் அதே வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வேற்றுமுகம் தெரியுது, அதான் அழுவுது" என்கிறார்கள். இதைவிடத் துல்லியமான சொல்லை நாம் உட்கார்ந்து செய்ய முடியாது.

எனக்குக் கிடைக்காத சொல் ஒன்று இருக்கிறது: 'செக்யூர் பேஸ்'. பிள்ளை எந்த ஆளை நம்பி வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறதோ, அந்த ஆள். புகலிடம் என்றால் ஓடி வந்து ஒதுங்கும் இடம் மட்டும்தான் தெரிகிறது. அங்கிருந்து தைரியமாகப் புறப்பட்டுப் போவதும் அந்தச் சொல்லில் வேண்டும். ஓடிப்பிடித்து விளையாடும்போது, தொட்டுக்கொண்டு நின்றால் பிடிக்கக் கூடாது என்று ஒரு தூணையோ மரத்தையோ வைத்திருப்போமே, அதற்கு உங்கள் ஊரில் என்ன பேர்? ஊர்ப் பேரோடு எழுதுங்கள்.