ரௌட்டர் பொருத்தப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்: அனுபவப் பகிர்வு

மதுரையிலிருந்து, இணைப்புப் பணியாளர்:

கேபிள் நடத்துநர் ஒருவரிடம் 11 ஆண்டுகளாக இணைய இணைப்புக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். ரௌட்டரைப் பொருத்தி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இணைப்பை ஓடவிட 20 நிமிடம் போதும். அதற்கு முன் இடம், மின்சாரம், ஒயர் வரும் வழி ஆகிய மூன்றும் முடிவாகாமல் இருப்பதால்தான் ஒரே வீட்டிற்கு இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தேன். "டிவி அலமாரிக்குள்ளேயே வச்சிருங்க தம்பி, வெளியே ஒயர் தெரியக் கூடாது" என்றார். அலமாரிக்குக் கதவு உண்டு; அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு பீரோ நின்றது; பேத்தி படிக்கும் மேசையோ அதற்கும் அப்பால் இருந்தது. மறுத்துப் பேசாமல், பையில் எப்போதும் வைத்திருக்கும் பழைய ரௌட்டர் ஒன்றை அலமாரிக்குள் வைத்து மின்சாரம் மட்டும் கொடுத்தேன். இணையம் இல்லாவிட்டாலும் வைஃபை அலை வரும் என்பதால், கைப்பேசியில் அலையின் வலுவைக் காட்டும் செயலியைத் திறந்து அவரையே வீடு முழுவதும் நடந்து பார்க்கச் சொன்னேன். படிக்கும் மேசையருகே மைனஸ் 81 டிபிஎம் காட்டியது (டிபிஎம் என்பது அலையின் வலுவை அளக்கும் அலகு; மைனஸுக்குப் பின் வரும் எண் சிறிதாக இருந்தால் அலை வலுவாக இருக்கிறது என்று பொருள்). அதே ரௌட்டரைக் கூடத்துப் பரண் விளிம்பில் வைத்தபோது மைனஸ் 60 ஆனது. "அப்ப பரண்லயே இருக்கட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். சுவரில் துளை போட்ட பிறகு இந்தப் பேச்சு எழுந்திருந்தால் இருவருக்கும் மனக்கசப்புத்தான் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது மின்சாரம். கண்ணாடி இழை ஒயரான ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்யுவும் ரௌட்டரும் தனித்தனிக் கருவிகளாக இருந்தால் இரண்டு அடாப்டர்களுக்கு இடம் வேண்டும். அந்தப் பிளக் பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆனால் பல வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே இன்வெர்ட்டர் கொடுத்திருப்பார்கள். ஆகையால் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்து, அந்தப் பாயிண்ட் உயிரோடு இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுவது என் வழக்கம்.

ஒயர் வரும் வழியில் நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். துளை போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டதால், தள்ளிச் சாத்தும் ஜன்னலின் ஓரமாக டிராப் வயரை, அதாவது வெளியிலிருந்து வீட்டிற்கு வரும் ஃபைபர் ஒயரை, உள்ளே கொண்டுவந்தேன். பகலில் எல்லாம் சரியாக ஓடியது. இரவில் கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தியதும் ஓஎன்யுவில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுநாள் ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மொட்டைமாடியில் மைனஸ் 19.5 டிபிஎம், வீட்டிற்குள் மைனஸ் 31. ஜிபான் எனப்படும் ஃபைபர் இணைப்பு முறையின் கருவிகள் பொதுவாக மைனஸ் 27 வரைதான் தாங்கும்; ஒளி அதைவிடக் குறைந்தால் இணைப்பு நிற்காது. கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினாலும் நசுக்கினாலும் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். பிறகு வெண்டிலேட்டருக்குப் பக்கத்தில் வெளிப்புறம் சற்றே சரிவாக இருக்கும்படி துளை போட்டு, மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் வெளியிலேயே சொட்டிவிடுவதற்காகத் துளைக்குக் கீழே ஒயரை ஒரு வளைவாகத் தொங்கவிட்டுக் கட்டினேன். சுவிட்சு போர்டுக்கு நேர் மேலும் கீழும் மட்டும் துளை போடவே மாட்டேன். சுவருக்குள் மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும்.

சென்னையிலிருந்து, வாடகை வீட்டில் இருப்பவர்:

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பணியாளர் ஏணியோடு வந்து நின்ற பிறகுதான் வீட்டு உரிமையாளரைக் கைப்பேசியில் அழைத்தேன்; அவர் ஊரில் இல்லை, துளை போடவும் சம்மதிக்கவில்லை. கடைசியில், ஏசி குழாய்க்காக ஏற்கெனவே இருந்த துளையின் வழியாகவே ஒயர் வந்தது. முன்னதாகக் கேட்டிருந்தால் ஒரு நாள் விடுப்பு மிச்சமாகியிருக்கும்.

கோவையிலிருந்து, பழைய கேபிள் தொழில்நுட்பர்:

நாங்கள் செம்புக் கோஆக்சியல் கேபிளில் இணையம் கொடுத்த காலத்தில், வீட்டிற்குள் ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் எத்தனை ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் முதல் வேலை. இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு ஸ்ப்ளிட்டரும் அலையின் வலுவில் சுமார் 3.5 டெசிபல் விழுங்கும். ஒரு வீட்டில் உள்ளே வரும் அலை நன்றாக இருந்தும் மோடம் இணைப்பில் சேர மறுத்தது. அரை நாள் தேடிய பிறகு, மாடிப்படிக்கு அடியில் டிவி படம் தெளிவாக வருவதற்காக யாரோ வைத்திருந்த பூஸ்டர் கிடைத்தது. அது ஒரு திசையில் மட்டுமே அலையைக் கடத்தும் வகை. மோடம் திருப்பி அனுப்பியது அங்கேயே நின்றுவிட்டது. வாசலிலேயே ஸ்ப்ளிட்டர் வைத்து மோடத்துக்குத் தனி ஒயர் இழுத்த பிறகுதான் இணைப்பு நிலைத்தது.

மதுரையிலிருந்து, இணைப்புப் பணியாளர்:

சென்னை நண்பர் சொன்னதற்குப் பிறகு, நேரம் குறிக்கும்போதே உரிமையாளரின் சம்மதத்தையும் கேட்டுக்கொள்கிறேன். ரௌட்டர் வைக்க நினைக்கும் இடத்தையும் பிளக் பாயிண்டையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்கிறேன். நேற்று வந்த படத்தில் பிளக் பாயிண்ட் தெளிவாகவே தெரிந்தது. அதற்கு நேர் கீழே மீன் தொட்டியும் தெரிந்தது. வேறு இடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.