கேட்டிங்: வாயிலா, மடையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இதயத் துடிப்பின் கட்டத்தோடு பொருத்திப் படமெடுப்பதை ஆங்கிலத்தில் 'கேட்டிங்' என்கிறார்கள். 'கேட்' என்றால் வாயில் என்பதால் அதற்கு ஐயா சொன்ன 'வாயிற்படுத்தல்' இலக்கணப்படி சரிதான். ஆனால் இதய சி.டி. (எக்ஸ்கதிரால் அடுக்கடுக்காக எடுக்கும் படம்) எடுக்கும் அறையில் தினமும் நிற்கிற எனக்கு அது ஒட்டவில்லை.

ஆங்கிலத்தில் 'ப்ராஸ்பெக்டிவ் கேட்டிங்', 'ரெட்ரோஸ்பெக்டிவ் கேட்டிங்' என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். கதிர்வீச்சைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே அல்ல. நாடி நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு துடிப்புக்கு 1000 மில்லிநொடி. இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும் ஈ.சி.ஜி. கோட்டில் ஆர் என்னும் கூர்முனை எழுந்து 700, 800 மில்லிநொடி கழித்து ஒரு சின்ன இடைவெளி வரும். இதயம் ஏறக்குறைய அசையாமல் இருப்பது அப்போதுதான். முதல் முறையில் அந்த இடைவெளியில் மட்டும் கதிர் வரும். உடனே நின்றுவிடும். மேசை நகரும், இன்னொரு துடிப்புக்குக் காத்திருக்கும், மறுபடி கதிர் வரும். இரண்டாவது முறையில் கதிர் நிற்பதே இல்லை. துடிப்பு முழுக்க எடுத்துவிட்டு, வேண்டிய கட்டத்தைப் பிறகு கணினியில் பொறுக்கிக்கொள்கிறோம். இதில் கேட் எங்கே இருக்கிறது? தரவுக்கு இருக்கிறது, கதிருக்கு இல்லை.

இது வெறும் சொல் சண்டை இல்லை. 2007இல் பல நாட்டு மருத்துவமனைகளில் எடுத்த கணக்கில், இதய சி.டி. ஒன்றுக்கு நடுமதிப்பு 12 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையில் நம்மீது விழும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில், ஆண்டுக்கு 2.4. அதாவது ஐந்து வருடத்துப் பங்கு ஒரே படத்தில். 2017இல் அதேபோல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக அது இறங்கியிருந்தது. எக்ஸ்கதிர்க் குழாயின் மின்னழுத்தத்தை 120இலிருந்து 100 கிலோவோல்ட்டுக்குக் குறைத்தது உட்படப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று முதல் முறைக்கு மாறியது.

என் பரிந்துரை: முதலாவது 'துடிப்பு மடை'. முறைத்தண்ணீர் வரும்போது மடையை வெட்டிவிட்டு, வயல் நனைந்ததும் அடைப்போமே, அதுதான். இரண்டாவது 'பின்தெரிவு'. ('பின்தேர்வு' என்றால் அரியர்ஸ் பரீட்சை ஞாபகம் வருகிறது, 'தெரிவு' ஈழத்தில் நல்ல புழக்கத்திலும் இருக்கிறது.) இரண்டுக்கும் பொதுவாக 'துடிப்பொத்த படமெடுப்பு'. பின்தெரிவிலேயே, தேவையில்லாத கட்டங்களில் குழாய் மின்னோட்டத்தைத் தாழ்த்துவதும் உண்டு. அதற்கு 'அரைமடை'. சரியாகப் பாதி இல்லைதான், இருந்தாலும் போகட்டும்.

போன வாரம் ஒரு அம்மாவுக்கு நாடி 82. நாடியைக் குறைக்கும் மெட்டோபுரோலால் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரவைத்தோம். "படம் எடுக்கத்தானே வந்தேன், மாத்திரை எதுக்கு?" என்றார். நாடி வேகமானால் அந்த அமைதி இடைவெளிதான் முதலில் சுருங்கும், மடை திறக்க நேரம் கிடைக்காது என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் இருந்த 'முன்னோக்கு வாயிற்படுத்தல்' என்ற தொடரை வைத்து இதை விளக்கியிருக்க முடியாது.

அன்புடன்.

*

தம்பி,

மடை நன்றாக இருக்கிறது. ஒரே தயக்கம், 'மடைமாற்றம்' என்றால் இன்று செய்தித்தாளில் நிதியைத் திருப்பிவிட்ட கதை. நோயாளி வேறு எதையாவது நினைக்கப்போகிறார். 'மதகு' என்று வைத்தால் என்ன? அப்புறம், பின்தெரிவு அறவே வேண்டாத முறை என்ற தொனி உன் கடிதத்தில் வருகிறதே?

*

ஐயா,

தொனி என் தவறு. துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும், வால்வு அசைவதைப் பார்க்கவேண்டியபோதும் பின்தெரிவுதான் கைகொடுக்கிறது.

மதகு ஏரிக்கரையில் இருப்பது. ஒருமுறை தூக்கினால் நாள்கணக்கில் ஓடும். வயலுக்கு வயல் திறந்து அடைப்பது மடைதான். இங்கே ஒரு படத்துக்குள்ளேயே துடிப்புக்குத் துடிப்பு திறக்கிறோம், அதனால் மடையே இருக்கட்டும். 'மாற்றம்' என்ற ஒட்டு இல்லாமல் வந்தால் நிதி ஞாபகம் வராது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நாடி கொஞ்சம் முன்பின் போனாலும் படம் கெடாமலிருக்க, மடையைச் சற்று முன்னதாகத் திறந்து சற்றுத் தாமதமாக அடைப்போம். 'பேடிங்' என்கிறார்கள். அகலம் கூடக்கூடக் கதிரும் கூடும். 'விளிம்பு நேரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். தையல்காரர் பிறகு பிரித்துவிடுவதற்காக உள்ளே மடித்துத் தைக்கும் துணிக்கு உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள்? அது கிடைத்தால் இதை விட்டுவிடலாம்.