கறுப்பு டி-ஷர்ட்டில் டிரான்ஸ்ஃபர் படம் ஓரம் உரிகிறது

கேள்வி:
தங்கை வரைந்த யானையை அவள் பிறந்தநாளுக்குக் கறுப்புப் பருத்தி டி-ஷர்ட்டில் ஒட்டித்தர ஆசை. இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. படத்தை டிரான்ஸ்ஃபர் தாளில் (இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் தாள்) அச்சடித்து, பழைய துணியில் தேய்த்து ஒட்டிப் பார்த்தேன். உடம்பு நன்றாகப் பிடித்தது, தும்பிக்கை நுனி மட்டும் நகம் பட்டாலே தூக்கிக்கொள்கிறது. அவளுக்குத் தும்பிக்கைதான் உயிர். என்ன செய்யலாம்?

பதில்:
இஸ்திரிப் பலகையிலா தேய்த்தீர்கள்? அதன் மெத்தை அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். கெட்டியான மேசைமேல் தலையணை உறை விரித்து, நின்றுகொண்டு உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நீராவி வேண்டவே வேண்டாம். பெட்டியின் அடியில் துளை இருக்கும் இடத்தில் சூடு சரியாக இறங்காது, அதனால் மெல்ல நகர்த்திக்கொண்டே இருங்கள்.

பதில்:
அடர்நிறத் துணிக்கான தாள்தானே? அதில் படத்தை இடவலமாகத் திருப்பக் கூடாது. பின்தாளை உரித்து, படம் மேலே தெரிய வைத்து, பட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். கூர்முனைதான் முதலில் உரியும். நுனியைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளை விட்டு, வளைவாக வெட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வளைவாக வெட்டி, மேசைமேல் தேய்த்தேன். சுரண்டினாலும் அசையவில்லை! ரொம்ப நன்றி. புது டி-ஷர்ட்டை முதலில் துவைக்கணுமா?

பதில்:
ஆமாம், சாஃப்ட்னர் சேர்க்காமல். ஒட்டியபின் 24 மணி நேரம் தண்ணீர் காட்டாதீர்கள். அப்புறம் உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைக்கச் சொல்லுங்கள்.