எங்கள் தோட்டத்து வட்டார எல்லைக்காக மனுக் கொடுத்த அனுபவம்

தேர்தலுக்காக ஊர்களை வட்டாரங்களாகப் பிரிக்கும் எல்லை நிர்ணயத்தில் நம்மைப் போன்றவர்கள் போய்ப் பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2015இல் உள்ளூராட்சி வட்டார எல்லைகள் வர்த்தமானியில் வந்தபோது, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேல் பிரிவு ஒரு வட்டாரம், கீழ்ப் பிரிவு இன்னொன்று. பாடசாலை, கோயில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் எல்லாம் மேல் பிரிவில்தான். கீழ்ப் பிரிவையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமத்தோடு சேர்த்திருந்தார்கள். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நடுவில் பாலம் இல்லை. டவுனைச் சுற்றி பஸ்ஸில்தான் போக வேண்டும்.

மேன்முறையீடுகளைக் கேட்க மீளாய்வுக் குழு அமைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் நிறுவை முடிந்த பிறகு கூடிப் பேசினோம். சனத்தொகைக் கணக்கை எழுதினால் போதும் என்றுதான் முதலில் பேச்சு. கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மழை நாளையில அந்த ஆத்த யாரு தாண்டுறது? அத எழுதுங்க தம்பி" என்றார். சரி என்று பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாங்களே ஒரு படம் வரைந்தோம். லயங்களை, அதாவது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை, நம்பர் போட்டுக் குறித்தோம், குறுக்குப் பாதைகளையும் பஸ் நிற்கும் இடத்தையும் காட்டினோம். வாக்காளர் இடாப்பைப் பார்த்து ஒவ்வொரு லயத்திலும் எத்தனை ஓட்டு என்று பக்கத்திலேயே எழுதினோம். மனுவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

விசாரணைக்கு அந்த அக்காவும் வந்தார். அதிகாரி தன் படத்தையும் எங்கள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இங்கே பாலம் இல்லையா?" என்று கேட்டார். அவருடைய படத்தில் ஆறு இருந்தது, பாலம் இல்லாதது தெரியவில்லை. அக்காதான் பதில் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம், "1948ல தோட்டத்து ஆளுங்க பிரஜாவுரிமைய பறிச்சாங்கல்ல, எங்கப்பா சாகுற வரைக்கும் ஓட்டே போடல. நமக்கு இருக்கு, அத ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வர முடியுமா?" என்றார்.

2017 வர்த்தமானியில் கீழ்ப் பிரிவு எங்களோடு சேர்ந்தது. இரண்டு உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் வட்டாரமாக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தோம், அது கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்திலும் இதே பிரச்சினைதான். பெரியவர் ஒருவர் மேலிடத்தில் பேசிக்கொள்வதாகச் சொன்னதை நம்பி அவர்கள் மனுவே போடவில்லை. அங்கே கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனக்கு இன்றும் ஆற்றாமை அதுதான்.

2018 பெப்ரவரித் தேர்தலில் இரு பிரிவும் ஒரே வட்டாரமாக ஓட்டுப் போட்டோம். அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டது. தோட்டத்துக்குள் பாதை போட சபைப் பணத்தைச் செலவழிக்க அதுவரை சட்டம் தடையாக இருந்தது. அந்தத் தடை நீங்கிய பிறகு, நம் உறுப்பினர் யார், அவர் எந்தப் பாதைக்காகப் பேசுவார் என்பது கையில் காசாகத் தெரிகிற விஷயம்.

மாகாண சபைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்துவிட்டது. மறுபடி எல்லை போடும் வேலை வந்தால் கட்சி ஆபிஸுக்குப் போவதற்கு முன் படத்தை வரையுங்கள். லய நம்பர், பாதை, பாலம், ஓட்டு எண்ணிக்கை நான்கும் அதில் இருக்கட்டும். பேசுவதற்கு, அந்தப் பாதையில் தினமும் நடக்கிற ஒருவரைக் கூட்டிப் போங்கள்.