26 இன்ச் டிரையல்ஸ் சைக்கிள்: முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல்?

பொத்தைக்காரன் (அம்பாசமுத்திரம்):

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

பழைய 26 இன்ச் கியர் சைக்கிள் ஒன்றை டிரையல்ஸ் (காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, தடைகள் மேல் சைக்கிளோடு ஏறி இறங்குகிற விளையாட்டு) ஓட்டுவதற்காகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். சீட்டு, மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் பரணுக்குப் போயாச்சு. முன்னால் 42-34-24 என்று மூன்று அடுக்கு செயின் வீல். பின்னால் 14-லிருந்து 28 பல் வரை ஏழு அடுக்கு ஃப்ரீவீல் (மிதிக்காதபோது சும்மா சுற்றவிடுகிற பல்சக்கரம்). கிராங்க் (பெடலைத் தாங்குகிற கை) நீளம் 170 மில்லி. என் எடை 58 கிலோ.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பொத்தை (சின்னப் பாறைக்குன்று) இருக்கிறது. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறை விளிம்பு. நின்ற இடத்திலிருந்தே ஒரு மிதியில் அதன் மேல் ஏற வேண்டும், இதுதான் இப்போதைய ஆசை. இப்போது 34-ஐ 22-இல் போட்டு ஓட்டுகிறேன். முன் சக்கரம் எழும்புகிறது, ஆனால் பின் சக்கரம் கூடவே வர மாட்டேன் என்கிறது. கால் மெதுவாகத்தான் இறங்குகிறது.

நெட்டில் பார்த்தால் ஒருத்தர் 18:12 (முன் பல் 18, பின் பல் 12) என்கிறார், இன்னொருத்தர் 22:18, வேறொருத்தர் 18:15. இங்கே ஒரு கடையில் கேட்டேன். "44-18 போடு தம்பி, நாடே அதில்தான் ஓடுது, கால் பலம் தானா வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதை நம்புவது? வெளியூரிலிருந்து டிரையல்ஸ் பாகம் வரவழைக்கிற அளவுக்குக் காசு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செயின்கிரீஸ் (பாளையங்கோட்டை):

தம்பி, 44-18 என்பது பால்கேனையும் நெல்மூட்டையையும் ரோட்டில் கொண்டுபோகிற கணக்கு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உன் வேலை வேறு.

நீ படித்த மூன்று கணக்கும் ஒன்றோடொன்று சண்டை போடுகிற மாதிரித் தெரியும். சக்கர அளவை விட்டுவிட்டுப் பார்த்தால் அப்படித்தான். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரத்தின் இன்ச் அளவால் பெருக்கிப் பார். வருகிற எண் கூடக் கூட மிதி கனம், குறையக் குறைய லேசு. 18:12 என்பது 20 இன்ச் சக்கரக்காரர்கள் போடுவது: 1.5 பெருக்கல் 20, ஆக 30. 18:15-உம் 22:18-உம் 26 இன்ச்சுக்கு: முதலாவது 31.2, இரண்டாவது 31.8. 24 இன்ச்காரர்கள் 18:14 போடுவார்கள், அது 31-க்குக் கொஞ்சம் குறைவு. எல்லாரும் முப்பதைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். இப்போது உன்னுடைய 34:22-ஐப் போட்டுப் பார், 40 வருகிறது. கடைக்காரர் சொன்னது உன் சக்கரத்தில் 63-க்கு மேலே போகும்.

இதைக் காலில் உணர்கிற மாதிரிச் சொல்கிறேன். 58 கிலோவும் ஒரே பெடலில், கிராங்க் தரைக்குக் கிடையாக இருக்கும்போது, முழுசாக நிற்கிறாய் என்று வை. 44-18-இல் பின் டயர் தரையைத் தள்ளுகிற விசை சுமார் 12 கிலோதான். உன் 34:22-இல் 19. 18:15 போல 1.2 விகிதத்துக்கு வந்தால் 25. எம்பி மிதித்தால் எல்லாமே இதற்கு மேல் போகும், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது. பின் சக்கரம் வர மாட்டேன் என்கிறதே, அந்தக் குறை இந்த ஆறு கிலோவில் இருக்கிறது.

அப்படியென்றால் இன்னும் குறைத்துக்கொண்டே போகலாமே என்று கேட்பாய். கூடாது. 1.2-இல் கிராங்க் கால் சுற்று சுற்றினால் சைக்கிள் 62 சென்டிமீட்டர் நகரும். 24-க்கு 24 போட்டால், அதாவது சரிக்குச் சரி, 52 தான். மிதி முடிந்துபோகும், சக்கரம் விளிம்பைத் தொட்டிருக்காது. அப்புறம் ஈரப் பாறையிலும் மண் படிந்த பாறையிலும் விசை ரொம்பக் கூடினால் டயர் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். பொத்தைப் பாறை சொரசொரப்பு, காய்ந்திருந்தால் டயரைக் கவ்விப் பிடிக்கும், அங்கே 1.2 சரி. ஆற்றுக்குள் தண்ணீர் தேய்த்த பாறைகளில் ஒன்றிரண்டு பல் குறைவாகப் பின்னால் போட்டால் மிதி கொஞ்சம் சாந்தமாக இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். நீ ஒன்றும் வாங்க வேண்டாம், முதலில். உன்னிடம் ஏழு அடுக்கு இருக்கிறது அல்லவா? முன்னால் செயினை 24-இல் போடு. பின்னால் 20-இல் போட்டால் 1.2. 18-இல் 1.33. 16-இல் 1.5. மூன்றையும் ஒரே திண்ணைப் படியில், ஒரே காலால் மிதித்துப் பார். முன் சக்கரம் பொசுக்கென்று மேலே வந்து, சைக்கிள் மட்டும் முன்னால் போகாமல் நீ பின்னால் சாய்ந்தால் கியர் ரொம்ப லேசு. கைப்பிடியைப் பிடித்து இழுத்தும் பெடல் தயங்கித் தயங்கி இறங்கினால் கனம். நடுவில் ஒன்று தானாகத் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: டீரெய்லர் (பின்னால் செயினைக் கியர் மாற்றுகிற கருவி) மாட்டிய செயினில் முழு பலத்தோடு எம்பி மிதிக்காதே, பல் தாண்டிக் குதித்தால் தாடை ஹேண்டிலில் போய் இடிக்கும். பார்த்து அளவெடுக்கத்தான் இது, ஏறுவதற்கு இல்லை.

அடுத்தது பல் எண்ணிக்கை. 34:28-உம் 1.2 தான், 24:20-உம் 1.2 தான். காலுக்கு வித்தியாசம் தெரியாது. பாறைக்குத் தெரியும். 34 பல் சக்கரம் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் அகலம் அதிகம், அதில் பாதி கீழே தொங்கும், முதல் இடி அதன் மேல்தான். ஆனால் சின்னதாகப் போகப் போகச் செயினுக்குப் பாரம் ஏறும். உன் எடைக்கு 24 பல்லில் செயின் இழுவை 200 கிலோ அளவு, 18 பல்லில் 270. நல்ல செயின் 800 கிலோ தாங்கும், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் எம்பி மிதிக்கும்போது இந்தக் கணக்கு இரண்டு பங்கைத் தாண்டும், அதிலும் செயினில் ஒழுங்காக அடிக்காத இணைப்பு ஊசி ஒன்று இருந்தால் போதும், அறுந்துவிடும். ஆகவே உனக்கு முன்னால் 24 நல்ல அளவு. கையில் இருக்கிறது வேறு.

அந்த மூன்று அடுக்கில் வெளியே இருக்கிற 42-ஐ ரிவெட்டை டிரில் போட்டுக் கழற்றிவிடு. 34-ஐக் கழற்றாதே. கிரைண்டரில் அதன் பல்லை மட்டும் சீவி வட்டமாக்கிவிட்டால் 24-க்கும் செயினுக்கும் அதுவே கேடயம். பேட்டைப் பக்கம் எந்த லேத்திலும் செய்து தருவார்கள்.

பின் பிரேக்கைப் பற்றி நீ எழுதவே இல்லை. அது சக்கரத்தைக் கட்டிப்போட்ட மாதிரி நிறுத்தவில்லை என்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் உதவாது.

நாலுவழிச்சாலை:

இவ்வளவு சிரமம் எதற்கு? ஏழு கியரும் அப்படியே இருக்கட்டும். பாறையில் சின்ன கியர், ரோட்டில் பெரிய கியர். ஒரே கியர் 24:20 போட்டுவிட்டு அம்பையிலிருந்து வி.கே.புரம் வரை மிதித்துப் பார்க்கட்டும், தெரியும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆட்டுக்குட்டி முந்திக்கொண்டு போகும்.

இருபது (பெருமாள்புரம்):

நாலுவழிச்சாலை அண்ணாச்சி, ஒன்பது கிலோமீட்டர் கணக்கு சரிதான். அதனால்தான் நான் சைக்கிளை ஸ்கூட்டர் முன்னால் வைத்துக் கொண்டுபோகிறேன். டிரையல்ஸ் சைக்கிளில் ஊருக்குப் போக முடியாது, உட்காரவே இடம் இல்லையே. டீரெய்லர் கீழே தொங்குகிற பொருள், பாறை விளிம்பில் பின் சக்கரம் இறங்குகிற முதல் நாளே அது வளைந்து ஸ்போக்குக்குள் போகும். தம்பி ரோட்டிலும் ஓட்ட வேண்டும் என்றால் இன்னொரு சைக்கிள்தான் வழி.

நான் ஓட்டுவது 20 இன்ச், 18:12, கிராங்க் 160. இந்த விளையாட்டே சின்னச் சக்கரத்தில்தான் தொடங்கியது. ஸ்பெயினில் கட்டலோனியாவில் மாண்டெசா மோட்டார் பைக்கில் டிரையல்ஸ் ஓட்டிய பெரே பி, தன் மகன் பழகுவதற்காகச் சின்ன சைக்கிளை அதற்கு ஏற்ற மாதிரி மாற்றினார். அந்த மகன் ஒட் பி பிறகு உலகச் சாம்பியன் ஆனார். மாண்டி என்ற சைக்கிள் பெயரும் மாண்டெசாவின் குட்டி என்கிற கணக்கில்தான் வந்தது. இன்றைக்கும் போட்டிகளில் 20 இன்ச்சும் 26 இன்ச்சும் தனித்தனிப் பிரிவு.

செயின்கிரீஸ் அண்ணாச்சி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். டிரையல்ஸ் சைக்கிள் பலவற்றில் ஃப்ரீவீல் பின்னால் இருக்காது, முன்னால் கிராங்கில் இருக்கும். பின் பல்லு ஹப்போடு (சக்கரத்தின் நடுக்குடம்) ஒட்டியே இருக்கும். பிடிமானம்தான் முக்கியம். பெடல் எத்தனை டிகிரி சும்மா இறங்கிய பிறகு பல் கவ்வுகிறது என்பதுதான் பின் சக்கரத்தில் நின்று துள்ளும்போது உயிர். என்னுடையது ஒரு சுற்றுக்கு 72 கிளிக், ஐந்து டிகிரிக்குள் பிடித்துவிடும். 108 கிளிக் வைத்ததும் உண்டு. கடையில் வாங்குகிற சாதா ஃப்ரீவீலை மாட்டிவிட்டு விகிதத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எப்படி?

செயின்கிரீஸ்:

அம்மணி சொல்வது உண்மை. அதோடு சேர்த்து இதையும் கேளு தம்பி, கியரைக் குறைத்தால் பின் ஃப்ரீவீலின் தொளதொளப்பு பெடலில் அதிகமாகத் தெரியும். கடை ஃப்ரீவீலைக் கையில் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்று, எத்தனை 'டிக்' கேட்கிறது என்று எண்ணு. இருபது என்று வை. சக்கரத்தில் 18 டிகிரி சும்மா போகும். அதை விகிதத்தால் வகுக்க வேண்டும். 44-18-இல் பெடலில் ஏழரை டிகிரிக்குள் அடங்கிவிடும், யாரும் கவனிப்பதில்லை. 1.2-இல் 15 டிகிரி. 170 கிராங்கில் அது பெடலடியில் நாலரை சென்டிமீட்டர். கால் காற்றில் இறங்கி அப்புறம் 'டக்'கென்று முட்டும்.

ஆனால் நீ கேட்டது முழங்கால் உயர விளிம்பு, நின்ற இடத்திலிருந்து ஒரு மிதி. அதற்குப் பெடலை முன்கூட்டியே லேசாக அழுத்தி, பல் கவ்விய பிறகு பிரேக்கை விட்டால் போதும், தொளதொளப்பு குறுக்கே வராது. பின் சக்கரத்தில் துள்ளிக்கொண்டே நிற்கிற கட்டம் வரும்போது முன் ஃப்ரீவீலைப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் காசு சேரட்டும்.

பொத்தைக்காரன்:

நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. சொன்னபடியே தாத்தா வீட்டுத் திண்ணைப் படியில் போட்டுப் பார்த்தேன். 24:16-இல் பழைய கதைதான். 24:18-இல் வருகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது. 24:20-இல் பெடலை அழுத்தியதும் சைக்கிள் தானாக வயிற்றுக்கு அடியில் வந்துவிடுகிறது. தாத்தா வெளியே வந்து திண்ணைச் சிமெண்டைப் பார்த்துவிட்டு ஏசினார், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்போ 20 பல் ஒற்றை ஃப்ரீவீல் வாங்கிவிடலாமா? பழைய ஹப்பிலேயே ஏறுமா? செயின் எது?

செயின்கிரீஸ்:

20 வாங்கு. கூடவே 18-உம் ஒன்று வாங்கி வை, விலை பெரிதில்லை, ஆற்றுப் பாறைக்கு ஆகும்.

உன் ஏழு அடுக்கு திருகி ஏறுகிற வகை என்றால் ஒற்றை ஃப்ரீவீலும் அதே மரையில் ஏறும். ஏற்றும் முன் மரையில் கிரீஸ் தடவ மறக்காதே. இந்த கியரில் ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை இன்னும் இறுக்கும், கிரீஸ் இல்லாவிட்டால் பிறகு கழற்ற ஹப்பையே உடைக்க வேண்டிவரும். ஆனால் ஃப்ரீவீலுக்கு உள்ளே கிரீஸ் அடைத்துவிடாதே. உள்ளே இருக்கிற நாக்குகள் ஒட்டிக்கொண்டு, சரியாக எம்பும் நேரத்தில் கைவிடும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

செயின் சாதா சைக்கிள் செயின், தடித்தது. கியர் சைக்கிளின் மெல்லிய செயின் ஒற்றை ஃப்ரீவீலின் தடித்த பல்லில் உட்காராது. தடித்த செயின் உன் மெல்லிய 24-இல் உட்காரும். மாட்டிய பிறகு பின்னால் குனிந்து, ஒரு நேர்க்கம்பை 24-இன் முகத்தில் வைத்துப் பார். பின் பல் இரண்டு மூன்று மில்லிக்கு மேல் விலகியிருந்தால் ஃப்ரீவீலுக்குப் பின்னால் வாஷர் போட வேண்டும். செயின் தொய்வைப் பழைய டீரெய்லரால் சமாளிக்காதே, கீழிருந்து மேலே தள்ளுகிற உருளை ஒன்று போதும்.

ஏழு அடுக்கைக் கழற்ற உளியும் சுத்தியலும் எடுக்காதே, அதற்கு ரிமூவர் உண்டு. அம்பையில் கிடைக்காவிட்டால் பின் சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாளைக்கு வா, கழற்றித் தருகிறேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது.

இருபது:

வரும்போது பிரேக் கட்டையையும் எடுத்து வா தம்பி. அண்ணாச்சி அதை மறக்க மாட்டார்.