சாஃப்ட்வேரில் 250 லக்ஸ், பாயில் 130: பத்தமடை அனுபவம்

எல்லோரும் சாஃப்ட்வேரில் போட்ட வெளிச்சக் கணக்கு நேரில் பொய்த்துப்போன அனுபவங்களைச் சொல்கிறீர்கள், அண்ணாச்சிமாரே, என்னுடையதும் ஒன்று. பத்தமடையில் ஒரு பாய் நெசவுக் கூடம், பழைய ஓட்டுக் கட்டடம். டயலக்ஸ் என்ற வெளிச்சக் கணக்கு சாஃப்ட்வேரில் வரைந்து, லைட் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் சராசரி 250 லக்ஸ் (ஒரு பரப்பில் விழுகிற வெளிச்சத்தின் அளவு). இரண்டாம் நாளே நெய்கிற அக்கா போன் செய்துவிட்டார்: "தம்பி, லைட்டு மேல நல்லாத்தான் எரியுது, கோரை இழைதான் கண்ணுக்குப் புடிபடல."

போய் லக்ஸ் மீட்டரைப் பாய் மேலேயே வைத்தேன். 130. நாளாக ஆக லைட் மங்கும், தூசி படியும் என்று சாஃப்ட்வேர் பராமரிப்புக் காரணி 0.8-ஆல் பெருக்கி, முன்கூட்டியே கழித்துத்தான் காட்டுகிறது, அதனால் புது லைட் மாட்டிய வாரத்தில் மீட்டர் 310 பக்கம் நிற்க வேண்டும். பாதிகூட இல்லை.

சாஃப்ட்வேர் மேல் தப்பே இல்லை. லைட்டின் வெளிச்ச விவரம் அடங்கிய ஐஇஎஸ் ஃபைலில், லைட் எந்தத் திசையில் எத்தனை கேண்டெலா (அந்தத் திசையில் வெளிச்சத்தின் வலு) விடுகிறது என்று இருக்கும், அதைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து, சாய்வுக்குக் கோசைன் பெருக்கி, கட்டம் கட்டமாக ஒவ்வொரு புள்ளிக்கும் லக்ஸ் போடுகிறது. அந்தப் புள்ளிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதைத்தான் நான் பார்க்கவில்லை. மேஜை உயரம், 0.8 மீட்டர் என்றே விட்டிருந்தேன். பாய்த்தறியோ தரையோடு கிடக்கிறது, அக்கா உட்கார்ந்துதான் நெய்கிறார். 3 மீட்டர் உயரத்தில் தொங்குகிற லைட் நேர் கீழே 900 கேண்டெலா தந்தால், மேஜை மட்டத்தில் 186 லக்ஸ், தரையில் 100 தான். ஒரே லைட், ஒரே அறை!

அப்புறம் சுவரும் கூரையும். நேராக விழுவது போக, பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தையும் சாஃப்ட்வேர் கூட்டுகிறது. கூரை 70, சுவர் 50, தரை 20 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பும் என்று அதில் வழக்கமாக இருப்பதை அப்படியே விட்டுவிட்டேன். வெள்ளையடித்த ஆபீஸுக்கு அது சரி. இங்கே கறுத்த பனங்கை, ஓடு, பூசாத சுவர். திரும்பி வர என்ன இருக்கிறது? கூரை 20, சுவர் 30, புள்ளிகளின் உயரம் 0.1 மீட்டர் என்று மாற்றி ஓட்டியபோது, பராமரிப்புக் காரணியைக் கழிக்காத கணக்கும் மீட்டர் காட்டியதும் கிட்டத்தட்ட ஒட்டிவந்தன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

லைட்டைத் தணித்துத் தொங்கவிட்டேன், சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். இன்னொன்று, சாஃப்ட்வேரில் அறை காலியாக இருக்கிறது, ஆள் கிடையாது. முதுகுக்குப் பின்னால் இருந்த லைட்டுகளால் அக்காவின் தலை நிழலே இழையில் விழுந்துகொண்டிருந்தது, அந்த லைட்டுகளைத் தறியின் இரண்டு பக்கத்துக்கும் மாற்றினேன்.

சரி, நீங்களும் மீட்டர் வைத்தால் பொழுது சாய்ந்து ஏழு மணிக்கு மேல் வையுங்கள், பகலில் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் இறங்கி எண்ணைக் கெடுத்துவிடும்.